கேளுங்க சொல்றோம்: கிருபை போதும்னா கீழ்ப்படிதல் எதுக்கு?

கேள்வி: சபையில ஒரு வாரம் பைபிள்ல பவுல் எழுதுன எபேசியர் 2-ஐ வாசிச்சு "கிருபையினால (கடவுளோட இலவச தயவால) இரட்சிப்பு, கிரியையால (நம்ம செயலால) இல்ல"ங்குறாங்க, அடுத்த வாரமே யாக்கோபு 2-ஐ எடுத்து கிரியை இல்லாத விசுவாசம் செத்ததுன்னு மிரட்டுறாங்க. எதத்தாங்க நம்புறது?

பதில்: இந்தக் குழப்பம் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்த ஆரம்பிச்ச மார்ட்டின் லூத்தருக்கே இருந்துச்சுங்க. 1522-ல வந்த அவரோட ஜெர்மன் புதிய ஏற்பாட்டு முன்னுரையில யாக்கோபு நிருபத்த (கடிதத்த) வைக்கோல்னே எழுதிட்டாரு. கொஞ்சம் அவசரப்பட்டுட்டாருன்னு தான் எனக்குத் தோணுது. ஏன்னா பவுலும் யாக்கோபும் சாட்சிக்குக் கூப்பிடுறது ஒரே ஆளத்தான், ஆபிரகாம. பவுல் ரோமர் 4-ல காட்டுறது ஆதியாகமம் 15, நட்சத்திரத்த எண்ண முடிஞ்சா எண்ணு, உன் சந்ததி அப்படி இருக்கும்னு கர்த்தர் சொன்ன ராத்திரி, ஆபிரகாம் ஒண்ணுமே செய்யல, நம்புனாரு, அவ்ளோதான், அது நீதியா எண்ணப்பட்டுச்சு. யாக்கோபு காட்டுறது அதே புத்தகத்தோட 22-ம் அதிகாரம், கர்த்தர் கேட்டாருன்னு மகன் ஈசாக்க பலிபீடத்துல கிடத்துனது. நடுவுல எவ்ளோ காலம்னு பாருங்க, 15-ல மூத்த மகன் இஸ்மவேலே பொறக்கல, அவன் பொறந்தப்ப ஆபிரகாமுக்கு 86, ஈசாக்கு பொறந்தப்ப 100, அந்தப் பையன் விறகுக்கட்ட முதுகுல சுமக்குற அளவுக்கு வளந்தப்புறம் தான் 22 வருது. முதல்ல நம்புனது உண்மையான்னு அங்க தான் வெளிய தெரிஞ்சுது. யாக்கோபே 2:23-ல அந்தப் பழைய வசனம் இதுல நிறைவேறுச்சுன்னு தான் எழுதுறாரு, பவுலோட சண்டைக்குப் போகல.

கேள்வி: பஸ்கா ராத்திரி, எகிப்துல தலைப்பிள்ளைங்க செத்தப்ப, வாசல்ல ஆட்டு ரத்தத்த பூசுன வீடு தானே தப்பிச்சுது? அது கீழ்ப்படிதல் இல்லையா?

பதில்: கீழ்ப்படிதல் தான், யாரு இல்லன்னா. ஆனா யாத்திராகமம் 12:13-ல "ரத்தத்த நான் கண்டு கடந்துபோவேன்"னு தான் இருக்கு, பூசுன கைய கண்டுன்னு இல்ல. அப்புறம் பத்துக் கட்டளை வந்தது செங்கடல தாண்டி 3-ம் மாசம், சீனாய்ல. அதுவும் எப்படி ஆரம்பிக்குது, "எகிப்துல இருந்து உன்ன கொண்டுவந்த கர்த்தர் நான்"னு. இதக் கைக்கொண்டா வெளிய கொண்டுவரேன்னு சொல்லல பாருங்க.

கேள்வி: இயேசுவோட பக்கத்துல சிலுவையில தொங்குன கள்ளன் எதுக்குமே கீழ்ப்படியலயே, அவனுக்கும் இரட்சிப்பு கிடைச்சுதே?

பதில்: ஞானஸ்நானம் இல்ல, காணிக்கை இல்ல, கையும் காலும் அசைக்க முடியாது. மிச்சம் இருந்தது வாய் ஒண்ணு தான், அத வெச்சு பக்கத்துல நிந்திச்சவன அதட்டுனாரு, நமக்கு இது நியாயம் தான்னு ஒத்துக்கிட்டாரு, இயேசுகிட்ட என்னைய நினைச்சுக்கோங்கன்னு கேட்டாரு. இத சோம்பேறித்தனத்துக்கு சாக்கா சொல்றவங்களுக்கு கை கால் நல்லாத்தானே இருக்கு!

கேள்வி: பாவத்துல விழுந்துட்டா இரட்சிப்பு போயிடுமா?

பதில்: சீர்திருத்தவாதி கால்வின் வழி வந்த சபைங்க யோவான் 10:28-ஐ காட்டி போகாதும்பாங்க, மெதடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச வெஸ்லி வழி வந்தவங்க எபிரெயர் 6-ஐ காட்டி உதறிட்டுப் போனா போகும்பாங்க, இந்தப் பக்கத்துல முடியுற வழக்கு இல்ல. நான் இயேசுவோட சீஷன் பேதுருவத்தான் பாப்பேன். தன்ன தெரியாதுன்னு 3 தடவ மறுதலிச்ச ஆளுகிட்ட இயேசு கரையில உக்காந்து ஏன் அப்படிப் பண்ணுனேன்னு ஒரு வார்த்த கேக்கல, என்மேல அன்பா இருக்கியான்னு 3 தடவ கேட்டாரு, ஒவ்வொரு தடவையும் பதில் வந்தப்புறம் தான் ஆடுகள மேய்க்கச் சொன்னாரு.