பிரிட்டனின் பிபிசி எடுத்த டாப் கியர் என்ற கார் நிகழ்ச்சியை அமெரிக்காவுக்கு ஏற்றபடி எடுக்கச் சொன்னால் என்ன ஐடியா தருவீர்கள்?

ஏற்கெனவே எடுத்துப் பார்த்துவிட்டார்கள். 2008-இல் என்பிசி சேனல் ஒரு பைலட் (முன்னோட்ட எபிசோடு) எடுத்துக் கிடப்பில் போட்டது, அப்புறம் 2010 முதல் 2016 வரை ஹிஸ்டரி சேனலில் டானர் ஃபௌஸ்ட், ஆடம் ஃபெராரா, ரட்லெட்ஜ் வுட் மூவரும் நடத்தினார்கள். மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரிட்டிஷ் தொகுப்பாளர்கள் கிளார்க்சன், ஹாமண்ட், மே மூவரும் அடித்த கூத்து ஒரு சின்னத் தீவின் கூத்து, அதை அப்படியே பெயர்த்து இங்கே நட்டால் வேர் பிடிக்காது. நான் இருக்கும் ஹூஸ்டனில் கார் என்பது செருப்பு மாதிரி, அது இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. அதை வைத்துத்தான் காமெடி பண்ண வேண்டும்.

முதல் எபிசோடு, ரேஸ். 2004-இல் கிளார்க்சன் ஆஸ்டன் மார்ட்டின் டிபி9-இல் இங்கிலாந்திலிருந்து மான்டி கார்லோ வரை ஓட்ட, மற்ற இருவரும் ரயிலில் போய்த் தோற்றார்களே, அதேதான். ஹூஸ்டனிலிருந்து சான் அன்டோனியோ, சுமார் 320 கிலோமீட்டர். கார்க்காரர் மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார். ரயில்காரர் ஸ்டேஷனுக்கு வந்த பிறகுதான் சன்செட் லிமிடெட் என்ற அந்த ரயில் வாரத்துக்கு 3 நாள்தான் வரும் என்று தெரிகிறது. நாளை மறுநாள் வாருங்கள் என்கிறார்கள். சரி என்று அவர் அங்கேயே படுத்துக்கிடந்து ஏறினால், சரக்கு ரயிலுக்கு வழிவிட்டு வண்டி நடுக்காட்டில் நிற்கிறது. இதில் நடிக்கவே தேவையில்லை, கேமராவை வைத்தால் போதும்.

இரண்டாவது ரேஸ் இன்னும் சின்னது: ஹோட்டலிலிருந்து எதிரே இருக்கும் கடைக்கு. ஒருவர் கார், ஒருவர் நடை. இது என் சொந்தக் கதை. வந்த புதிதில் கேட்டி ஃப்ரீவே என்ற ஹூஸ்டன் நெடுஞ்சாலை ஓரம் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தேன் (அகலமான இடத்தில் சர்வீஸ் ரோட்டையும் சேர்த்தால் 26 லேன் என்பார்கள்). ஜன்னலிலிருந்து கடை தெரிகிறதே, தயிர் வாங்கி வரலாம் என்று நடந்து கிளம்பினேன். நடைபாதை நூறு அடியில் முடிந்துவிட்டது. புல், பள்ளம், மறுபடியும் புல். ஒரு பிக்கப்காரர் வண்டியை நிறுத்தி "கார் பிரேக்டவுனா?" என்று கேட்டார். இல்லை, நடக்கிறேன் என்றதும் அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, என் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டுமோ என்று யோசித்திருப்பார்.

மலிவு கார் சவால் பற்றி. அங்கே ஆயிரம் சொச்சம் பவுண்டைக் கையில் கொடுத்து ஓட்டை வண்டி வாங்கி வரச் சொல்வார்கள். இங்கே காசே கொடுக்க வேண்டாம். மூவரும் ஆளுக்கொரு ராட்சச பிக்கப்பை 84 மாதத் தவணையில் எடுக்க வேண்டும், எடுத்து அதில் இதுவரை ஏற்றிய அதிகபட்ச பாரம் என்ன என்று காட்ட வேண்டும். ஒருவர் அரை கேலன் பால், ஒருவர் நாய்க்குட்டி. இரண்டாவது சீசனோடு நிகழ்ச்சி நின்றுவிடும், தவணை நிற்காது.

பிரபலத்தை உட்காரவைத்து சாதாரண சுசுகி லியானா காரை டன்ஸ்ஃபோல்டு விமானத் திடலில் சுற்றவைத்தார்கள் அல்லவா? அதற்குப் பதில் மினிவேன், பின்சீட்டில் மூன்று குழந்தைகள், பள்ளி விடும் நேரத்து கார் வரிசை. லேப் டைம் 47 நிமிடம். முந்தினால் பெற்றோர் சங்கத்திடமிருந்து மின்னஞ்சல் வரும்.

விளம்பரம்தான் பெரிய சிக்கல். பிபிசியில் விளம்பரம் கிடையாது, அதனால் கிளார்க்சன் எந்தக் காரையும் கிழித்துத் தொங்கவிட முடிந்தது. இங்கே "இந்த வண்டியின் சஸ்பென்ஷன்..." என்று தொகுப்பாளர் இழுக்கும்போதே இடைவேளை விட்டு, அதே வண்டி மலை ஏறும் விளம்பரம் போட வேண்டும். அடுத்து மூட்டுவலி மாத்திரை, அதன் பக்கவிளைவுகள், ஒரே மூச்சில்.

கடைசியாக ஸ்டிக். வெள்ளை உடையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல், வாயே திறக்காமல் ஓட்டும் அந்த ஆளை இங்கே வக்கீலாக்கிவிடலாம். ஹெல்மெட் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு வளைவிலும் காரை நிறுத்தி இறங்கி வந்து, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வளைவுக்குப் போவார்.