கெய்சர் சொட்டினால் வால்வை அடைக்கலாமா?

கேள்வி: பதினைந்து மாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். புதிதாக வாங்கிய 25 லிட்டர் கெய்சரின் அடியில், தண்ணீர் உள்ளே போகும் இடத்தில், சின்னதாக ஒரு பித்தளை வால்வு மாட்டியிருக்கிறார்கள். கெய்சரைப் போட்டால் அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. பிளம்பரோ, "இது தேவையில்லாத ஐட்டம், வாயை அடைச்சு விட்டுடறேன்" என்கிறார். கம்பெனிக்கு போன் செய்தால், "நார்மல்தான் மேடம்" என்று வைத்துவிடுகிறார்கள். யார் சொல்வது சரி? - வாசகி, பெரும்பாக்கம்

பதில்: தயவுசெய்து அடைக்க விடாதீர்கள். வந்த கடிதங்களில் இதற்குத்தான் முதலில் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

கம்பெனிக்காரர் சொன்னது சரிதான். ஏன் என்று இரண்டு வரி சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அந்த வால்வைக் கடையில் எம்.எஃப்.வி. (மல்டி ஃபங்ஷன் வால்வு) என்பார்கள், சேஃப்டி வால்வு என்பார்கள், பிரஷர் ரிலீஸ் வால்வு என்றும் சொல்வார்கள். உள்ளே போன தண்ணீரைக் குழாய்க்குத் திரும்பி வரவிடாமல் பிடித்துக்கொள்வது அதன் ஒரு வேலை. டேங்கில் அழுத்தம் அளவு மீறினால் கொஞ்சம் தண்ணீரை வெளியே விட்டுத் தணிப்பது இன்னொரு வேலை. தண்ணீர் சூடானால் விரியும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 28 டிகிரியில் உள்ளே போய் 70 டிகிரிக்கு ஏறும்போது சுமார் 2 சதவீதம் விரிகிறது. 25 லிட்டருக்கு அது கிட்டத்தட்ட அரை லிட்டர். திரும்பிப் போக வழியில்லை, பாத்ரூம் குழாயும் மூடியிருக்கிறது. அந்த அரை லிட்டர் வேறு எங்கே போகும்? அதைத்தான் வால்வு சொட்டுச் சொட்டாக வெளியே விடுகிறது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது நங்கநல்லூரில் என் அக்கா வீடு. அங்கேயும் இப்படித்தான் சொட்டியது, பிளம்பர் ஒரு பிளக் போட்டு இறுக்கிவிட்டுப் போனார். எட்டு மாதத்தில் உள் டேங்கின் வெல்டிங்கில் விரிசல் விட்டுத் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. சர்வீஸுக்கு வந்தவர் பிளக்கைக் காட்டி, வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார். பணம் போனதோடு விட்டது என்று நாங்கள் ஆறுதல் பட்டுக்கொண்டோம். குறித்த சூட்டில் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்ததால்தான் அதோடு போனது. தெர்மோஸ்டாட்டும், அது தவறினால் கரண்டைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் பழுதாகி, வால்வும் அடைபட்டிருந்தால், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கும். டேங்க் கிழிகிற நொடியில் அதில் ஒரு பகுதி அப்படியே ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். மூடிய பாத்ரூமுக்குள் அதை நினைத்துப் பாருங்கள்.

எந்தச் சொட்டு சரி, எந்தச் சொட்டு சரியில்லை என்று பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். சூடாகும்போது மட்டும் சொட்டி, சூடானதும் நின்றுவிட்டால் கவலை வேண்டாம். கெய்சரை அணைத்து, தண்ணீர் ஆறிய பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால், வால்வு உட்காரும் இடத்தில் உப்போ தூசியோ சிக்கியிருக்கலாம், அல்லது உங்கள் லைனிலேயே அழுத்தம் அதிகமாக இருக்கலாம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரோ ஆவியோ பீறிட்டு வந்தால் கெய்சர் பக்கமே போகாமல், மெயின் போர்டில் இருக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

லைன் அழுத்தம் என்றதும் ஒரு விஷயம். மேல் மாடிக்குத்தான் ஹை பிரஷர் கெய்சர் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்குகிற கட்டடத்தில் நிலைமை நேர்மாறு. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம். உங்கள் தலைக்கு மேல் பதின்மூன்று மாடி, ஏறக்குறைய 40 மீட்டர். அதாவது குழாயைத் திறக்காமலேயே 4 கிலோ. பிரஷர் பம்ப்பும் ஓடினால் அதற்கு மேலும் போகும். ஆகவே உங்களைப் போன்ற கீழ்மாடிக்காரர்கள் 8 பார் (ஏறக்குறைய 8 கிலோ) என்று போட்ட கெய்சராகப் பார்த்து வாங்குவதே நல்லது. சில பெட்டிகளில் 0.8 எம்.பி.ஏ. என்று அச்சிட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான். கூடவே ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதன் மேல் ஐ.எஸ். 2082 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வால்வை மாற்றப் போகும்போது கடையில் "பி.ஆர்.வி. குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். பிரஷர் ரெட்யூசிங் வால்வுக்கும் பிரஷர் ரிலீஃப் வால்வுக்கும் கடைக்காரர் வாயில் அதே மூன்றெழுத்துதான். முன்னது லைனில் உட்கார்ந்து வருகிற அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும், பின்னது எல்லை மீறினால் வெளியே திறந்துவிடும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் காவல் இல்லாத வீடுதான். பழைய வால்வைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், அதில் பொறித்திருக்கும் அதே அழுத்த அளவில் வாங்குங்கள். "இது இன்னும் ஸ்ட்ராங் சார், 10 கிலோ தாங்கும்" என்று தந்தால் வாங்காதீர்கள். டேங்க் 8 கிலோவுக்குச் செய்யப்பட்டிருக்கும்போது 10 கிலோவில் திறக்கும் வால்வு எதையும் காப்பாற்றாது.

மாட்டும்போது அம்புக்குறி டேங்க் பக்கம் பார்த்திருக்க வேண்டும். வால்வுக்கும் டேங்குக்கும் நடுவே எந்தக் குழாய்த் திருகும் வரக் கூடாது. சொட்டும் வாயில் மெல்லிய டியூப் ஒன்றைச் செருகி, கீழ்நோக்கிச் சரிவாக, தண்ணீர் போகும் ஓட்டை வரை கொண்டுவிடுங்கள். டியூபின் நுனி திறந்தே இருக்கட்டும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் இந்த வால்வு சீக்கிரம் இறுகிப்போகும். தண்ணீர் ஆறியிருக்கும்போது மாதம் ஒரு தடவை அதன் சின்ன லீவரைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். தூக்கினாலும் தண்ணீர் வரவில்லை என்றால் புதிது மாட்ட வேண்டிய நேரம்.

கேள்வி: பருப்பு வேகும்போது குக்கரின் சேஃப்டி வால்வு போய், பருப்பு சீலிங் வரை அடித்துவிட்டது. தெருமுனைப் பாத்திரக் கடையில் வேறு கம்பெனி வால்வு ஒன்றை, "எல்லாம் ஒண்ணுதான்" என்று போட்டுத் தந்தார்கள். நம்பி அடுப்பில் வைக்கலாமா? - வாசகர், பெரம்பூர்

பதில்: வேண்டாம், கழற்றிவிடுங்கள். குக்கர் கம்பெனியின் அசல் வால்வையே அந்த மாடலின் பெயர் சொல்லி வாங்குங்கள். உங்கள் வால்வு போனது என்று சொல்வதைவிட, தன் வேலையைச் செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதன் நடுவில் குறிப்பிட்ட சூட்டில் உருகும் உலோகக் கலவை இருக்கிறது. குக்கர் வழக்கமாக ஒரு கிலோ அழுத்தத்தில், 120 டிகிரி சுமாரில் வேலை செய்கிறது. சூடு அதற்கு மேல் எல்லை தாண்டினால் கலவை உருகி ஆவிக்கு வழிவிடும். ஒரு தடவை உருகினால் அதன் ஆயுள் முடிந்தது. அந்த ஓட்டையில் ஈயம் பற்றவைத்தும், ஸ்க்ரூ திருகியும் கொண்டுவருபவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதே பதறும். கம்பெனிக்குக் கம்பெனி கலவையும் வேறு, மரை அளவும் வேறு. வெயிட்டுக்கும் இதே விதிதான், ஒரு குக்கரின் வெயிட்டை இன்னொன்றில் போடக் கூடாது.

அப்புறம், ஏன் உருகியது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர் வற்றியிருக்கும், அல்லது வெயிட் உட்காரும் குழாயில் பருப்பு நுரை அடைத்திருக்கும். தினமும் கழுவியதும் மூடியைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், குழாய் வழியே வெளிச்சம் தெரிய வேண்டும். பருப்பு வைக்கும்போது பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

இந்த வெயிட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. டெனி பாப்பின் என்ற பிரெஞ்சு அறிஞர் 1679இல் லண்டனில் எலும்பையும் மிருதுவாக்கும் ஆவிப் பாத்திரத்தைச் செய்து காட்டினார். அது வெடித்துவிடாமல் இருக்க, எடை தொங்கவிட்ட வால்வு ஒன்றையும் அவரே யோசித்துப் பொருத்தினார். இன்று நம் அடுப்பில் விசில் அடிப்பது அதன் வாரிசுதான்.

குக்கரையே மாற்றுவதாக இருந்தால், ஐ.எஸ். 2347 எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2021 பிப்ரவரி முதல் அது இல்லாமல் வீட்டுக் குக்கரை விற்பதே சட்டப்படி தவறு. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் எண்ணை, முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால், உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆன்லைனில் வாங்கினாலும் பார்த்தே ஆக வேண்டும். முத்திரை விதியை மீறிய குக்கர்களை விற்க விட்டதற்காக 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இரண்டு பெரிய ஆன்லைன் தளங்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் சொன்னது.

கேள்வி: வியாசர்பாடியில் பஞ்சர் கடை போடப் போகிறேன். புதுப்பேட்டையில் ஒரு பழைய கம்ப்ரஸர் பார்த்தேன். சேஃப்டி வால்வு இருக்க வேண்டிய இடத்தில் போல்ட் திருகியிருக்கிறது. "பிரஷர் சுவிட்ச் தானா கட் ஆகும், வால்வு எதுக்கு" என்கிறார் விற்பவர். வாங்கலாமா அண்ணா? - வாசகர், வயது 24

பதில்: தம்பி, சுவிட்ச் கட் ஆகாத அன்றைக்குத்தான் வால்வு வேண்டும். சுவிட்சின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். அங்கே போல்ட் வந்திருக்கிறது என்றால், வால்வு அடிக்கடி திறந்து தொந்தரவு கொடுத்திருக்கலாம். அது ஏன் திறந்தது என்று பார்க்காமல் யாரோ வாயை மூடியிருக்கிறார்கள். எனக்கு அந்த டேங்க் மேல் நம்பிக்கை வரவில்லை.

எதை வாங்கினாலும் டேங்கில் ஒட்டிய தகட்டைப் படியுங்கள். வேலை செய்யும் அழுத்தம் எத்தனை கிலோ என்று அதில் இருக்கும். தகடே இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். தகடு இருந்தால், டேங்கை ஹைட்ரோ டெஸ்ட் செய்து தரச் சொல்லுங்கள். அது தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, டேங்க் தாங்குகிறதா என்று பார்ப்பது. அமுக்கிய காற்றில் செய்தால், டேங்க் தாங்காமல் போகும்போது அடைந்திருந்த காற்று முழுவதும் ஒரே நொடியில் விரிந்து ஆளை அடித்துவிடும். தண்ணீர் அப்படி விரியாது. டேங்கின் அடிப்பகுதியைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள், ஆனால் காற்று முழுக்க இறங்கிய பிறகு மட்டும். நம் ஊர்க் காற்றின் ஈரம் டேங்குக்குள் தண்ணீராகத் தங்கித் துரு முதலில் அடியைத்தான் தின்னும். வாங்கிய பிறகும் தினமும் கடை மூடும்போது டேங்கின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகைத் திறந்துவிட வேண்டும்.

புது வால்வு பாரிமுனையில் லிங்கி செட்டித் தெருப் பக்கம் கிடைக்கும். இரண்டு அளவைச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை கிலோவில் திறக்க வேண்டும் என்பது ஒன்று, அது டேங்கின் அளவைத் தாண்டக் கூடாது. எவ்வளவு காற்றை வெளியேற்றும் என்பது மற்றொன்று. கம்ப்ரஸர் எத்தனை சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) அடிக்கிறதோ, அவ்வளவையாவது வால்வு வெளியே விட வேண்டும். சின்ன வால்வு திறந்தாலும் அழுத்தம் ஏறிக்கொண்டேதான் போகும். வால்வு திறக்கும் அழுத்தத்தை அமைக்கும் ஸ்க்ரூவின் மேல் ஈய சீல் அப்படியே இருக்க வேண்டும், உடைந்திருந்தால் யாரோ திருகியிருக்கிறார்கள். கடை ஆரம்பித்ததும் வாரம் ஒரு தடவை வால்வின் ரிங்கை இழுத்து, "உஸ்" என்று திறந்து மூடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பில் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் ஆகமாட்டோம் என்று உங்களை யாராவது பயமுறுத்தலாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. 1915 என்ற உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வாங்கிய விலை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணமும் இல்லை.

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் மெஸ் நடத்துகிறேன். இட்லிக்கு 60 லிட்டர் ஸ்டீம் பாய்லர், 2 கிலோ அழுத்தம், சேஃப்டி வால்வுக்குப் பதில் ரப்சர் டிஸ்க், உரிமம் எதுவும் வேண்டாம் என்கிறார் விற்பவர். சரியா? - வாசகர்

பதில்: இரண்டுமே சரியில்லை. ரப்சர் டிஸ்க் என்பது மெல்லிய தகடு. அளவு மீறினால் கிழியும், மறுபடி மூடாது, பாய்லரில் இருக்கிற ஆவி மொத்தமும் போய்விடும். அரிக்கிற ரசாயனமோ ஒட்டுகிற பொருளோ இருக்கும் ஆலைகளில் அதற்கு நல்ல பயன் உண்டு, பல இடங்களில் வால்வுக்குக் காவலாக அதன் அடியிலேயே வைப்பார்கள். உங்கள் சமையலறைக்கு ஸ்பிரிங் வால்வுதான் சரி, திறந்து தணிந்ததும் தானே மூடிக்கொள்ளும். அதன் வாயை ஆட்கள் நிற்காத பக்கம் திருப்பிவிடச் சொல்லுங்கள்.

ஸ்டீம் பாய்லர்களில், கொதிகலன் சட்டத்திலிருந்து விலக்கு என்பது 25 லிட்டருக்குக் குறைவானதற்கும் ஒரு கிலோவுக்குக் குறைந்த அழுத்தத்தில் ஓடுவதற்கும்தான். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025இல் புதிய சட்டம் வந்த பிறகும் இந்த எல்லைகள் அப்படியேதான் இருக்கின்றன. உங்களுடையது இரண்டையும் தாண்டுகிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் தயாரிப்பாளரின் சான்றிதழ் நகலைக் கேட்டு வாங்கி, அதோடு தமிழ்நாடு கொதிகலன்கள் இயக்ககத்தில் நேரில் விசாரித்துவிடுங்கள். நகல் தரத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.