பார்த்துவிட்டு மாற்றுங்கள்: பட்டறைக் கேள்வி-பதில்

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் என் பட்டறைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவை பத்து வயதைத் தாண்டியவை. சாகா, வீரா, கஞ்சில், மைவி. ஆசிரியர்கள், தாதியர், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்ப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் ஓட்டும் கார்கள். இந்தக் குடும்பங்களில் யாரும் தேவையில்லாத ஒரு பொருளுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. இம்முறை வந்த கடிதங்களிலும் அந்தக் கவலைதான் தெரிகிறது.

கேள்வி: என்னிடம் 2009 சாகா இருக்கிறது. வயது 31, வீடு பட்டர்வொர்த்தில், வேலை தீவில். மாலையில் பாலத்தில் ஜேம் ஆனால் சூட்டு முள் பாதியைத் தாண்டி ஏறுகிறது. கார் நகர்ந்தால் இறங்கிவிடுகிறது. ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். இன்னொரு இடத்தில் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, 1,800 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்கிறார்கள்.

தம்பி, அந்த 1,800 வெள்ளி இப்போதைக்கு உங்கள் பையிலேயே இருக்கட்டும். ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு. நின்றால் ஏறுகிறது, நகர்ந்தால் இறங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. கார் ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை விசிறிதான் செய்ய வேண்டும். அதனால் முதலில் விசிறியைப் பார்க்க வேண்டும். வேகமாக ஓடும்போதும் மேடு ஏறும்போதும் முள் ஏறியிருந்தால் ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர் பம்ப், கேஸ்கட் என்று நான் வேறு பக்கம் தேடியிருப்பேன்.

வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். எஞ்சினை ஓடவிட்டு, ஏர்கோனை அடைத்துவிட்டு, போனட்டைத் திறந்து நில்லுங்கள். கையும் சட்டையும் விசிறிப் பக்கம் போக வேண்டாம். முள் நடுவுக்கு வந்த சிறிது நேரத்தில் விசிறி தானாகச் சுற்றி, தானாக நிற்க வேண்டும். பிறகு ஏர்கோனைப் போடுங்கள், உடனே சுற்ற வேண்டும். ஏர்கோன் போட்டால் சுற்றுகிறது, சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் சென்சர், ரிலே பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். எதற்குமே சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார். சுற்றினாலும் விட்டுவிடாதீர்கள். பழைய மோட்டாரில் கார்பன் தேய்ந்து, சூடானதும் சோர்ந்துவிடும். ஒரு நாளிதழ்த் தாளை கிரில்லுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள், காற்று அதை இழுத்து ஒட்ட வைக்க வேண்டும். நழுவி விழுந்தால் விசிறிக்குப் பலம் இல்லை.

அடுத்து ரேடியேட்டர் மூடி. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, காலையில், கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். நகத்தால் அழுத்தினால் அமுங்க வேண்டும். கல்லாக இறுகியோ வெடித்தோ இருந்தால் மூடி போய்விட்டது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை தாங்குகிறது. அழுத்தம் நிற்காவிட்டால் முன்னதாகவே கொதித்து வழியும். கேஸ்கட் போய்விட்டதாக வேறோரிடத்தில் சொல்லி என்னிடம் வந்த ஆசிரியர் ஒருவரின் காருக்கு நான் மாற்றியது மூடி மட்டும்தான். முப்பது வெள்ளிகூட ஆகவில்லை.

கேஸ்கட்டில் சந்தேகம் இருந்தால் அதற்கும் சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, உள்ளிருந்து வரும் காற்றை நீலத் திரவம் வழியாக இழுப்போம். எரிந்த புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். பத்து நிமிட வேலை. எஞ்சின் எண்ணெய் மூடியின் அடியில் பால்காப்பி நிறத்தில் குழம்பு படிவது, வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, தண்ணீர் காரணமில்லாமல் குறைவது ஆகியவையும் அடையாளங்கள். இவற்றில் ஒன்றையும் காட்டாமல் ஹெட்டை இறக்க வேண்டும் என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று பல போமன்கள் (மெக்கானிக்குகள்) இன்னும் நம்புகிறார்கள். அது தவறு. அது இல்லாவிட்டால் எஞ்சின் தன் சூட்டுக்கு வரவே நேரமாகும். எஞ்சின் குளிராகவே இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். எண்ணெயும் கெடும். குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றுவதையும் நிறுத்திவிட்டு, கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். ரேடியேட்டரைத் திறந்ததும் துருநிறத் தண்ணீர் வந்தால் பல வருடமாகக் கூலண்டே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பாலத்தின் நடுவிலேயே முள் சிவப்பைத் தொட்டால் ஏர்கோனை அடையுங்கள். அவசர விளக்கைப் போட்டு இடது ஓரம் ஒதுங்கி எஞ்சினை நிறுத்துங்கள். அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள்கள் வேகமாக வரும், கண்ணாடியில் பார்க்காமல் கதவைத் திறக்காதீர்கள். அரை மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். 1990-களில் என் கூட வேலை பார்த்த ஒரு பையன் அவசரப்பட்டு மூடியைத் திருகி, கழுத்திலிருந்து மார்பு வரை வெந்துபோனான். அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. 13.5 கிலோமீட்டர் பாலம் அது. இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று சிவப்பில் ஓட்டினால், இல்லாத கேஸ்கட் பிரச்சினை உண்மையாகவே வந்துவிடும்.

கேள்வி: சுங்கை ஆராவிலிருந்து எழுதுகிறேன். 2007 மைவி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏர்கோனுக்கு கேஸ் போட வேண்டியிருக்கிறது. பழைய கார் அப்படித்தான் என்கிறார்கள். உண்மையா?

இல்லை அம்மா. பெட்ரோல் போல் கேஸ் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைகிறது என்றால் எங்கோ வெளியேறுகிறது. அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் போடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பதுதான். கேஸோடு சேர்ந்து கம்ப்ரெஸர் எண்ணெயும் வெளியேறும், அப்புறம் கம்ப்ரெஸரே இறுகிப்போகும்.

கேஸ் கசியும் இடத்தில் எண்ணெய் பிசுக்கோடு தூசி ஒட்டியிருக்கும். குழாய் இணைப்புகள், கண்டென்ஸர், கம்ப்ரெஸரின் முன்பக்கம் ஆகியவற்றை விளக்கடித்துப் பார்க்கலாம். வெளியே ஒன்றும் தெரியவில்லை என்றால், டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் மீதுதான் முதல் சந்தேகம். பழுது பார்த்த பிறகு வேக்கம் பம்பு போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, மீட்டர் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேஸ் ஏற்ற வேண்டும். எதிரில் நின்று பாருங்கள், கேட்க வெட்கப்படாதீர்கள்.

ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் மட்டும் குளிர் குறைந்தால் அது கேஸ் விஷயமே இல்லாமல் இருக்கலாம். மேலே சாகாவுக்குச் சொன்ன விசிறிச் சோதனையை உங்கள் மைவிக்கும் செய்யுங்கள்.

கேள்வி: புக்கிட் மெர்தாஜாமில் 2010 சாகா ஒன்று கைமாற்றாக வாங்கினேன். சர்வீஸ் புத்தகம் இல்லை. டைமிங் பெல்ட்டை மாற்றச் சொல்கிறார் ஒருவர். கார் நன்றாகத்தானே ஓடுகிறது, அவசரமா? மனைவியின் மைவிக்கும் மாற்ற வேண்டுமா?

உங்கள் சாகாவுக்கு உடனே மாற்றுங்கள். விசிறிக்கும் மூடிக்கும் பார்த்துவிட்டு மாற்றுங்கள் என்று சொன்ன நானே இதற்கு மட்டும் பார்க்காமலே மாற்றச் சொல்கிறேன். காரணம், பெல்ட்டைப் பார்த்து அதன் ஆயுளைச் சொல்ல முடியாது. என் பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் பழைய பெல்ட் ஒன்று தொங்குகிறது. வெளிப்பக்கம் எழுத்துகூட அழியவில்லை. திருப்பினால் அடுத்தடுத்து ஏழு பற்களைக் காணோம். அதன் சொந்தக்காரரும் கார் நன்றாக ஓடியது என்றுதான் சொன்னார், நின்றுபோன நிமிடம் வரை.

உங்கள் காரில் இருப்பது புரோட்டோனின் கேம்புரோ எஞ்சின். பிஸ்டனும் வால்வுகளும் மோதாமல் நேரம் தவறாமல் இயங்க வைப்பது இந்தப் பெல்ட்தான். அதில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வுகளை அடிக்கும். வால்வு வளையும், ஹெட்டை இறக்க வேண்டிவரும். பெல்ட்டோடு டென்ஷனர் பேரிங்கையும், கசிகிற எண்ணெய் சீல்களையும் சேர்த்து மாற்றுங்கள். திறக்கும் கூலி ஒருமுறைதான். பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி போனட்டுக்குள் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்து எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது என்பதைக் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யலாம். குறைவாக ஓடினாலும் ஐந்து வருடத்துக்கு மேல் விடாதீர்கள், ரப்பர் சும்மா இருந்தாலும் கெடும்.

மைவியில் பெல்ட் இல்லை, சங்கிலி. தேதி வைத்து மாற்ற வேண்டியதில்லை. ஆனால் சங்கிலிக்கு உயிர் எண்ணெய்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி கலகலவென்று சத்தம் வந்தால் முதலில் குச்சியை எடுத்து எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள்.

கேள்வி: பழைய காருக்கு ரோன் 97 பெட்ரோல் ஊற்றினால் எஞ்சின் சுத்தமாகுமா?

ஆகாது. அந்த எண் சுத்தத்தைச் சொல்வதல்ல, பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது. கையேட்டில் 95 என்றிருந்தால் 95 போதும். மிச்சப்படும் பணத்தை எண்ணெய்க்கும் ஃபில்டருக்கும் வையுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்றவன், வீடு புலாவ் தீக்குஸ். பாசார், கோயில், மாதம் ஒருமுறை பாலிக் புலாவில் மகள் வீடு. வருடத்துக்கு 4,000 கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. டயரில் பூ (தரையைப் பிடிக்கும் வரிகள்) நிறைய இருக்கிறது. இந்தக் காருக்கு என்ன செலவு செய்ய வேண்டும்?

ஐயா, குறைவாக ஓடும் கார்தான் எனக்கு அதிகக் கவலை. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3517 என்றால் 2017-ஆம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்தது. சில டயர்களில் இது உள்பக்கம் இருக்கும், குனிந்து விளக்கடிக்க வேண்டும். ஆறேழு வருடமாகி, பக்கவாட்டில் முடி போல வெடிப்பு ஓடியிருந்தால் பூ எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள். இறுகிப்போன ரப்பர் மழையில் பிடிக்காது. பினாங்கு மழை உங்களுக்குத் தெரியாததா?

அடுத்து பிரேக் எண்ணெய். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும். புதிய டாட் 3 வகை பிரேக் எண்ணெய் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அது 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். பாலிக் புலாவுக்கு துன் சர்டோன் சாலையில் போகிறீர்கள் என்றால், இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அந்தச் சூடு எட்டிவிடும். எண்ணெய்க்குள் ஆவி கிளம்பினால் மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து, எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்குங்கள். பேரப்பிள்ளைகளோடு போகும் சாலை அது.

எஞ்சின் எண்ணெயை கிலோமீட்டர் பார்க்காமல் வருடம் ஒருமுறை மாற்றினால் போதும். கடல் பக்கம் நிறுத்துகிறீர்கள் என்றால் மாதம் ஒருமுறை அடிப்பகுதியையும் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. அவருடைய 1994 இஸ்வாராவை விற்க மனம் வரவில்லை. புகை வருகிறது, எண்ணெய் குறைகிறது. எஞ்சினை முழுதாக ஓவர்ஹால் செய்ய 3,500 வெள்ளி கேட்கிறார்கள். செய்யலாமா, விட்டுவிடலாமா?

உங்கள் அப்பாவின் மனம் எனக்குப் புரிகிறது, தம்பி. அந்தக் கார்தான் உங்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போயிருக்கும். அதனாலேயே நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் எஞ்சினை விடுங்கள், உடம்பைப் பாருங்கள். தரை விரிப்பைத் தூக்கி, கார் தூக்கியில் ஏற்றி, அடிச்சட்டத்தையும் முன் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடத்தையும் திருப்புளிக் கைப்பிடியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டு உள்ளே அமுங்கினால் அங்கே துரு தின்றுவிட்டது. அப்படியானால் 3,500 வெள்ளியை எஞ்சினில் போட வேண்டாம், அப்பாவிடம் நானே பேசுகிறேன்.

உடம்பு நன்றாக இருந்தால் கம்ப்ரெஷன் சோதனை செய்யாமல் ஓவர்ஹாலுக்குச் சம்மதிக்காதீர்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக மீட்டர் வைத்து, நான்கு எண்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நான்கும் நெருக்கமாக, நல்ல அளவில் இருந்தால் கீழ்ப்பகுதி ஆரோக்கியம். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு, இல்லையென்றால் கேஸ்கட்.

நான்கும் சரியாக இருந்து, புகை மட்டும் வருகிறது என்றால் வால்வு சீல்களாக இருக்க நிறைய வாய்ப்பு. சின்னஞ்சிறு ரப்பர் தொப்பிகள். இரவெல்லாம் நிற்கும்போது எண்ணெய் அவற்றைத் தாண்டிச் சொட்டும், காலையில் நீலப் புகையாக வரும். அதற்கு எஞ்சினை முழுதாக இறக்க வேண்டியதில்லை, செலவும் அந்த 3,500-க்குப் பக்கத்தில்கூட வராது. பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டு ஹாப்கட் எஞ்சின் (வெட்டி இறக்குமதியான பழைய காரின் எஞ்சின்) போடலாம் என்று யாராவது சொன்னால், எஞ்சின் எண் மாறுவதை ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிய வேண்டும், புஸ்பாகோம் வாகனச் சோதனையும் இருக்கிறது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

நாளைக் காலை அப்பாவை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்னால் நின்று பாருங்கள். நீலப் புகை ஒரு நிமிடம் வந்து நின்றுவிடுகிறதா, அல்லது ஓட்டும்போதும் மேடு ஏறும்போதும் விடாமல் வருகிறதா என்று எழுதி அனுப்புங்கள். கம்ப்ரெஷன் எண்கள் நான்கையும் சேர்த்து எழுதுங்கள்.