"இது வெள்ளிதானா அக்கா?": கையால் நகை செய்பவளிடம் கேட்டவை

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பின் அறையில் இருந்து நகை செய்யத் தொடங்கிப் பதினாறு வருடம் ஆகிறது. வெள்ளி, செம்பு, பித்தளை. எப்போதாவது கொஞ்சம் தங்கம். வந்த கேள்விகளை வாசித்தபோது, பாதிப் பேர் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள் என்று பட்டது: கையில் இருக்கிற சாமான் உண்மையில் என்ன? அதிலிருந்தே தொடங்குகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கச்சி: ஜெர்மன் சில்வர் சிமிக்கி வாங்கினேன். கடைக்காரர் "அதுவும் ஒரு வகை வெள்ளிதான்" என்றார். உண்மையா?

இல்லை. அதில் வெள்ளி துளியும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த உலோகம் அது. நிறம் மட்டும் வெள்ளி மாதிரி. மலிவு, நல்ல கடினம், அச்சு வேலைப்பாடு வடிவாக விழும். பிடித்திருந்தால் தாராளமாகப் போடுங்கள், வெள்ளி விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

நகைக்கு நாங்கள் வாங்குகிற வெள்ளி 925, அதாவது ஆயிரம் பங்கில் 925 வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. தனி வெள்ளி மெத்தென்று இருக்கும். மோதிரம் செய்தால் பஸ் கம்பியைப் பிடித்த கையிலேயே கோணிப் போகும். 925 என்று குத்தியிருந்தால் போதுமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். போதாது. அந்த அச்சை யாரும் வாங்கலாம், எதன் மேலும் குத்தலாம். சந்தேகம் என்றால் செட்டியார் தெருவில் தெரிந்த பட்டறை ஒன்றுக்குக் கொண்டு போங்கள். உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு விடுவார்கள். வெள்ளி என்றால் பால் மாதிரி வெளுக்கும். செம்புக் கலவை என்றால் பச்சையாகப் பொங்கும். வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம், தோல் வெந்துபோகும்.

மட்டக்களப்பு, ஆசிரியை: எந்தத் தோடு போட்டாலும் காது கடிக்கிறது, நீர் வடிகிறது. தங்கம் மட்டும்தான் வழியா?

பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமைதான் காரணமாக இருக்கும். ஒரு முறை உடம்புக்கு வந்துவிட்டால் வழக்கமாக ஆயுளுக்கும் கூடவே இருக்கும். நல்ல 925 வெள்ளி அனேகமானோருக்கு ஒத்துக்கொள்ளும். அதுவும் கடித்தால் டைட்டேனியம் அல்லது நியோபியம் கொளுக்கி தேடுங்கள். புண் ஆறாமல் இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், அப்புறம் தோட்டைப் பற்றிக் கதைக்கலாம்.

இதில் என் பிழையையும் சொல்லவேண்டும். தொழில் தொடங்கி நாலாவது வருடம். புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் "வெள்ளிக் கொளுக்கி" என்று இருநூறு சோடி வாங்கினேன். விலை குறைவாக இருந்தபோதே யோசித்திருக்க வேண்டும். அறுபது சோடி அளவில் விற்ற பிறகு தெஹிவளையிலிருந்து ஒரு அக்கா நேரே வீட்டுக்கு வந்தார். ஒன்றும் பேசவில்லை, தலைமுடியை ஒதுக்கிக் காதைக் காட்டினார். சோணை சிவந்து, ஓட்டையைச் சுற்றி ஈரமாக இருந்தது. அன்றைக்கே எனக்கு வேலை பழக்கிய பொற்கொல்லர், பத்தர் ஐயாவிடம் ஓடினேன். அவர் கொளுக்கியை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கல்லில் உரசி, அமிலம் ஒரு சொட்டு விட்டார். பச்சை. மேலே மட்டும் வெள்ளிப் பூச்சு.

கடைக்குப் போய்க் கேட்டேன். "வெள்ளி நிறம் என்றுதானே சொன்னேன்" என்றார்கள்.

வாங்கியவர்களில் தொலைபேசி எண் இருந்த எல்லோரையும் அழைத்துக் கொளுக்கி மாற்றிக் கொடுத்தேன். எண் இல்லாத பதினொரு பேர் யாரென்று இன்றைக்கும் தெரியாது. அதற்குப் பிறகு கொளுக்கிக் கம்பியை நானே கம்பியச்சில் இழுத்து எடுக்கிறேன்: 0.8 மில்லிமீற்றர், முனையை உருட்டி அரம் போட்டது. என் தோடுகளில் நீங்கள் காணாத வேலை அங்கேதான் கனக்க இருக்கிறது.

வத்தளை: செட்டியார் தெருவில் வேலை பழகினீர்களாம். பெண் பிள்ளைக்கு எப்படிப் பட்டறையில் இடம் தந்தார்கள்?

தரவில்லை. நான் போய் நின்றேன்.

கதிரேசன் கோயிலுக்குக் கிட்ட ஒரு ஒடுங்கிய ஒழுங்கை, மரப்படி ஏறினால் மேலே நாலு பேர் குந்தி வேலை செய்கிற அறை. ஒரு மோதிரம் திருத்தப் போனவள் திரும்பிப் போகாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த சனியும் போனேன். மூன்றாவது சனி பத்தர் ஐயா, "பார்த்தது காணும், இதைத் தேய்" என்று ஒரு பித்தளைத் துண்டையும் அரத்தையும் தந்தார். சதுரமாக்கச் சொன்னார். நாலு பக்கமும் நேராக வர எனக்கு ஐந்து வாரம். ஒவ்வொரு முறையும் அதை யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே மூலைமட்டத்தோடு பிடிப்பார், இடையால் வெளிச்சம் கசியும், பேசாமல் திருப்பித் தருவார்.

பற்றாசு, அதாவது உருகி மூட்டை ஒட்டுகிற உலோகம், அதை வைக்கப் பழகியதுதான் மறக்காது. கொழும்பு வெக்கையில் மின்விசிறியை நிறுத்த வேண்டும், சுவாலை ஆடினால் வேலை கெட்டுவிடும். யன்னலையும் பாதி சாத்த வேண்டும், வெளிச்சத்தில் உலோகத்தின் நிறம் தெரியாது. வெங்காரம் (பற்றாசு ஓட உதவுகிற உப்பு) பூசிய மூட்டில் சூடு படும்போது முதலில் அது வெள்ளையாகப் பொங்கும், பொரி மாதிரி. பிறகு அடங்கும். பிறகு கண்ணாடி போலத் தெளியும். அந்த நேரத்தில் வெள்ளி மங்கலான சிவப்புக்கு வந்திருக்கும். இன்னும் ஒரு மூச்சு. பற்றாசுத் துண்டு சட்டென்று உருகி, மூட்டின் வழியே ஒரு மினுங்கல் கோடாக ஓடும். அந்தக் கோட்டைக் கண்டதும் சுவாலையை எடுக்க வேண்டும். அரை விநாடி பிந்தினால் நகையே உருண்டையாகிவிடும். தொடக்கக்காரர்கள் பற்றாசின் மேலேயே சுவாலையைக் காட்டுவார்கள். வெள்ளி சூட்டைக் கடத்துவதில் எல்லா உலோகத்தையும் விட முதலாவது, வைத்த சூடு முழுத் துண்டுக்கும் ஓடிவிடும். அதனால் முழு நகையையும் சூடாக்குங்கள், பற்றாசு தானாக வரும்.

இன்னொன்று: கே.டி.எம். பற்றாசு என்று யாராவது தந்தால் வாங்க வேண்டாம். அது காட்மியம். அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நான் பழகிய அறையில் எல்லோருக்கும் இருமல் இருந்தது. ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

பம்பலப்பிட்டி: கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வெள்ளி ஒரு மாதத்தில் கறுத்துவிடுகிறது. கலப்படமா?

கலப்படம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், நல்ல வெள்ளியும் கறுக்கும். காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து கறுப்புப் படலம் ஆகின்றன. எங்கள் ஈரக்காற்று அதை விரைவாக்குகிறது. ரப்பர் பாண்ட் போட்டுச் சுற்றி வைப்பவர்கள் தாங்களே கந்தகத்தைக் கொண்டுபோய் ஒட்டுகிறார்கள். பூட்டுகிற பிளாஸ்டிக் பையில், காற்றைப் பிதுக்கிவிட்டு, ஒரு சோக்குத் துண்டோடு வையுங்கள்.

கறுத்துவிட்டால்: பாத்திரத்தில் அலுமினியத் தாள் விரித்து, நகை அதைத் தொடும்படி வைத்து, அப்பச்சோடா இரண்டு கரண்டி போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம். முத்து, ஒட்டிய கல் உள்ளவற்றை இதில் போட வேண்டாம். நான் வேண்டுமென்றே கறுப்பாக்கித் தந்த நகைகளையும் போட வேண்டாம்! ஒரு வாடிக்கையாளர் என் இரண்டு நாள் வேலையை இப்படிப் பளிச்சென்று கழுவிக் கொண்டுவந்து, "பாருங்கோ, புதுசு மாதிரி ஆக்கிட்டேன்" என்றார். என்ன சொல்வது.

அந்தக் கறுப்பு எப்படி வருகிறது என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். சின்ன வேலைக்கு அவித்த முட்டை போதும். சுடச்சுட மஞ்சள் கருவை மசித்து, காற்றுப் போகாமல் மூடிய பையில் நகையோடு வைத்தால் சில மணி நேரத்தில் கறுக்கும். பிறகு மேடான இடங்களை மட்டும் துடைத்தால் பள்ளங்களில் நிழல் நிற்கும்.

நுகேகொட, தம்பி ஒருவர்: பாலிமர் களிமண் தோடுகளைச் சமையல் அவனில் சுடலாமா?

சுடலாம், 130 பாகை செல்சியஸ் அளவில். பாக்கெட்டில் உள்ள அளவைப் பாருங்கள். கருகினால் புகை நல்லதல்ல; முடிந்தால் அதற்கென்று ஒரு சின்ன அவன்.

யாழ்ப்பாணம்: என்ன விலை போடுவது என்றே தெரியவில்லை. கடையில் வைத்தால் நட்டம் வருகிறது.

கணக்கில் எல்லோரும் வழுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு சோடித் தோடு. வெள்ளியும் கல்லும் 2,500 ரூபாய். நாலு மணி நேரம், மணிக்கு 600 என்றால் 2,400. காஸ், அரத்தாள், பெட்டி என்று 500. மொத்தம் 5,400. கடை 30 வீதம் எடுக்கும் என்றதும் 5,400க்கு மேல் 30 வீதம் கூட்டி 7,020 போடுகிறீர்கள். கடை தன் பங்கை 7,020இலிருந்து எடுக்கும். உங்கள் கைக்கு வருவது 4,914. கிட்டத்தட்ட ஒரு மணி நேரக் கூலி போய்விட்டது. 5,400ஐ 0.7ஆல் பிரியுங்கள்: ஏறத்தாழ 7,715. அதுதான் விலை.

சனிக்கிழமைகளில் ரேஸ்கோர்ஸ் குட் மார்க்கெட் மாதிரியான இடத்தில் நீங்களே நின்று விற்றாலும் அந்தப் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டாம். நாள் முழுக்க நிற்பதும் வேலைதான். "வீட்டில சும்மா இருந்து செய்றதுதானே, குறைச்சுத் தாங்கோ" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்தி கனகாலம்.

தெஹிவளை: உங்கள் பதக்கங்களில் ஏன் ஆணித்தலை வெளியே தெரிகிறது? அது ஒரு பாணியா?

இப்போது பாணி. தொடங்கியது காஸ் இல்லாததால்.

2022 மார்ச்சில் எங்கள் ஒழுங்கை முனையில் சிலிண்டர் வரிசை. மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை போனது. இருந்த காஸைச் சோற்றுக்கு வைப்பதா, பற்றாசுக்கு வைப்பதா? அம்மா ஒரு பார்வை பார்த்தார், முடிவாகிவிட்டது. ஒரு கல்யாணத்துக்கு ஏழு பதக்கம் செய்துதர வாக்குக் கொடுத்திருந்தேன். சுவாலை இல்லாமல் இரண்டு தகட்டை எப்படிச் சேர்ப்பது? துளைத்து ஆணி அடிக்க வேண்டியதுதான். கையால் சுற்றுகிற துளைப்பானை எடுத்தேன், யன்னலடியில் இருந்தேன்.

முதல் நாலும் வளைந்து போயின. கம்பியை நீளமாக விட்டிருக்கிறேன், அடிக்க அடிக்கத் தலை விரியாமல் சரிந்தது. இரு பக்கமும் கம்பித் தடிப்பில் பாதி மட்டும் வெளியே நிற்க வேண்டும்: ஒரு மில்லிமீற்றர் கம்பி என்றால் அரை மில்லிமீற்றர். துளையும் கம்பியும் இறுக்கமாக இருக்க வேண்டும். பெரிய அடி கூடாது. சின்னச் சுத்தியலால் ஓரத்தைச் சுற்றித் தட்டித் தட்டி, நாலு தட்டுக்கு ஒருமுறை மறுபக்கம் திருப்ப வேண்டும். ஏழும் முடிந்தபோது, தலைகளை அரம் போட்டு மறைக்க நேரம் இருக்கவில்லை. அப்படியே கொடுத்தேன். மணப்பெண் அந்த ஆணித்தலைகளைத்தான் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காஸ் திரும்ப வந்த பிறகும் விடவில்லை. மூட்டு எங்கே, எப்படி என்று வாங்குகிறவருக்கே தெரிகிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

கண்டி: சந்திரகாந்தக் கல் என்று வாங்கியது கண்ணாடியாம். எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓபலைட் என்கிற செயற்கைக் கண்ணாடியாக இருக்கும். கறுப்புத் துணியில் வைத்தால் நீலமாகத் தெரியும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் செம்மஞ்சளாக மாறும். உண்மையான சந்திரகாந்தத்தில் அந்த நீல ஒளி மேலே மிதக்கிற மாதிரி, கல்லைத் திருப்பத் திருப்ப நகரும். எங்கள் நாட்டுக் கல்லுக்குப் பேர்போன இடம் அம்பலாங்கொடைக்குக் கிட்ட உள்ள மீட்டியாகொட. கடினம் 6இலிருந்து 6.5தான், தட்டினால் பிளக்கும். பதக்கத்துக்கு எடுங்கள், தினமும் போடுகிற மோதிரத்துக்கு வேண்டாம். மோதிரத்துக்கு நீலக்கல், அது 9. பெரும்பாலான நீலக்கற்கள் சூடேற்றி நிறம் எடுத்தவை. அது ஏமாற்று இல்லை, சொல்லாமல் விற்பதுதான் ஏமாற்று. பெரிய காசு கொடுப்பதாக இருந்தால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் பரிசோதித்துவிட்டு வாங்குங்கள்.

கொழும்பு 6: என் வடிவமைப்பை ஒருவர் அப்படியே செய்து விற்கிறார்.

எரிச்சல் எனக்கும் தெரியும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் புதிய வடிவமைப்பைப் பதியலாம். ஐந்து வருடம், இரண்டு தடவை புதுப்பித்தால் பதினைந்து. ஆனால் சிமிக்கி, மாங்காய், அன்னம் எல்லாம் யாருடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை.

திருகோணமலை: அம்மம்மாவின் பழைய பதக்கம் உடைந்து கிடக்கிறது. உருக்கிப் புதிதாகச் செய்து தருவீர்களா?

உருக்குவதற்கு முன் ஒருமுறை யாரிடமாவது காட்டுங்கள். பழைய நகைகளில் குழிவான இடங்களில் உள்ளே அரக்கு நிரப்பியிருப்பார்கள். தராசு சொல்கிற எடை முழுக்கத் தங்கம் இல்லை. பழைய பற்றாசும் சேர்ந்து உருகும், மாற்று, அதாவது தங்கத்தின் தரம், குறையும். மூன்று பவுண் என்று நினைத்தது இரண்டரையாக வந்தால் வீட்டில் சண்டை, பழி பத்தர் மேல்.

பெரும்பாலும் ஒரு வளையம் அறுந்திருக்கும், அல்லது ஒரு கல் கழன்றிருக்கும். அதைத் திருத்தலாம். கல்லை நீங்களே கத்தியால் நெம்ப வேண்டாம், அரக்கைச் சுடுதண்ணீரில் போட்டு இளக்கவும் வேண்டாம். உடைந்த துண்டுகளை, அந்தச் சின்ன வளையத்தையும் சேர்த்து, ஒரு துணியில் முடிந்து அப்படியே கொண்டு வாருங்கள்.