மகள் சித்திரம் எடுக்கட்டுமா என்று கேட்ட அம்மாவுக்கு

போன கிழமை திருகோணமலை உப்புவெளியிலிருந்து மகளின் வரைதல் கொப்பிகளைச் சுமந்துகொண்டு வந்தீர்கள். சாதாரண தரத்தில் சித்திரத்துக்கு ‘ஏ’ எடுத்த பிள்ளை உயர்தரத்திலும் அதை எடுத்தால் பிழைக்க வழி உண்டா என்று கேட்டீர்கள். உங்கள் அண்ணர் வர்த்தகம் என்கிறாராம். பிள்ளை மட்டும் வாய் திறக்கவில்லை.

கொப்பிகளைப் பார்த்தேன். நல்ல கை. ஆனால் எல்லாம் போனில் பார்த்து வரைந்த நடிகர்களின் முகங்கள். அச்சொட்டாக வந்திருக்கின்றன, அது மட்டும் போதாது. சிகிரியாக் குன்றின் பழைய சுவரோவியம் ஒன்றைக் காட்டி, “இதில என்ன தெரியுது பிள்ளை?” என்றேன். “வடிவா இருக்கு சேர்” என்றாள். அதோடு நின்றுவிட்டது. ஏன் வடிவாக இருக்கிறது என்று சொல்லப் பழகினால்தான் அடுத்த படி.

அதற்குத்தான் கோடு, வடிவம், நிறம், ஒளிநிழல், இழையமைப்பு (மேற்பரப்பின் சொரசொரப்பு, வழவழப்பு), வெளி (ஆழமும் தூரமும்) என்று பிரித்துப் பார்க்கிறோம். மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியல் அல்ல. சிகிரியாவையே எடுங்கள். 5ஆம் நூற்றாண்டில், காசியப்ப மன்னன் காலத்தில் வரைந்தது. பெண்களின் இடைக்குக் கீழே முகில் மறைக்கிறது. கன்னம், விரல், பூ எல்லாவற்றையும் வளைந்தோடும் கோடுதான் பிடித்து நிறுத்துகிறது. ஓரிடத்தில் ஒரு பெண்ணுக்குக் கை ஒன்று கூடுதலாகவே இருக்கும். ஓவியன் மனம் மாறித் திருத்திய தடம் என்பார்கள். பிழையும் பாடம்தான். நிறமோ மஞ்சள், செங்காவி, பச்சை என்று மண்ணோடு ஒட்டியது.

இதன் பக்கத்தில் ஜோர்ஜ் கீற்றின் ஓவியம் ஒன்றை வையுங்கள். 1943இல் உருவான ‘43 குழு’ என்ற இலங்கை நவீன ஓவியர் குழுவில் ஒருவர். அவரும் கோட்டுக்காரர்தான். ஆனால் அவர் கோடு உடலைத் துண்டு துண்டான தளங்களாக வெட்டும், ஆழம் குறையும். லியொனார்டோவின் ‘இறுதி இராப்போசனம்’ நேர்மாறு. சுவரும் கூரையும் உள்நோக்கி ஓடி இயேசுவின் தலையருகே சேர்கின்றன. கண் தானாக அங்கே போகிறது. இழையமைப்புக்கு வான்கோவின் 1889ஆம் ஆண்டு ‘விண்மீன் இரவு’ ஒன்றே போதும், சாயம் வரம்பு கட்டியதுபோல் தடித்துக் கிடக்கும்.

ஒளிநிழலில்தான் அதிகம் பேர் சறுக்குவது. வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள் அம்மா. மகள் வரைந்ததைப் போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டுங்கள். சிவப்புச் சேலையும் பச்சை மரமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறம் வேறாக இருக்கிறதே தவிர, தொனி, அதாவது வெளிச்சம் இருட்டின் அளவு, ஒன்றுதான். நூறு விளக்கத்துக்கு இது மேல். வெளியைப் படிக்கக் கடற்கரைக்கே கூட்டிப்போங்கள். கரையில் கிடக்கும் தோணி பெரிது, கடலில் நிற்கும் தோணி நகமளவு, தூரத்தில் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலை மங்கி நீலமாகத் தெரியும். பென்சிலும் கடதாசியும் போதும், போன் வேண்டாம்.

இனி பிழைப்பு. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், கொழும்பில் கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம் மூன்றிலும் சித்திரம் படிக்க இடமுண்டு. இப்படியான கற்கைநெறிகளுக்கு உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளியோடு செயன்முறைப் பரீட்சையும் வைப்பார்கள். தகைமையை அந்தந்த ஆண்டு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுக் கைநூலில் பாருங்கள், பக்கத்து வீட்டில் கேட்காதீர்கள். படித்து வந்தால் ஆசிரியத் தொழில், பக்க வடிவமைப்பு, விளம்பரம், துணி அலங்காரம் என்று வழிகள் உண்டு. ஆரம்பச் சம்பளம் சிறிதாக இருக்கும், அதை மறைக்க மாட்டேன். அண்ணரின் பயமும் நியாயம்தான். உயர்தரத்தில் சித்திரத்தோடு எடுக்கும் மற்ற இரண்டு பாடங்களையும் யோசித்து எடுத்தால் வேறு வழிக்கும் கதவு திறந்திருக்கும்.

அடுத்த முறை வரும்போது கொப்பிகள் வேண்டாம். ஒரே ஒரு ஓவியத்தின் படமும் அதைப் பற்றி மகள் தன் கையால் எழுதிய பத்து வரிகளும் கொண்டு வாருங்கள். ‘வடிவா இருக்கு’ என்ற சொல் அதில் வரக்கூடாது. அப்புறம், நீங்கள் வெளியே இருங்கள். அவளோடு தனியே பேச வேண்டும்.