நோட்டு நிறைகிறது, கண் டாக்டரிடம் எப்போது?

கேள்வி: மதுரையில் ஃபேஷன் டிசைன் கடைசி வருஷம் படிக்கிறேன். பொழுது சாய்ந்தால் என் அப்பத்தாவுக்கு இல்லாத ஆட்கள் தெரிகிறார்கள். ஜரிகைத் தலைப்பாகை கட்டியவர்கள், சுவர் முழுக்க வலை. "நெசமில்லன்னு தெரியுது தாயி, பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்று சிரிப்பார். மூன்று வருஷமாகக் கண்ணும் மங்கல், வயசாச்சு இல்லையா? அவர் சொல்வதையெல்லாம் நோட்டில் வரைந்திருக்கிறேன். புள்ளி ஓவியங்களுக்குப் பேர்போன ஜப்பானியக் கலைஞர் குசாமா மாதிரி அதையே இறுதி கலெக்‌ஷனாகச் செய்ய ஆசை. "வீட்டுப் பைத்தியத்தை மேடை ஏத்தாதே" என்கிறார் அப்பா. அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: அப்பா கிடக்கட்டும். 'மூன்று வருஷமாகக் கண்ணும் மங்கல்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, அதற்கு வா. தலைப்பாகையின் ஜரிகை வரை கேட்டு வரைந்தவளுக்கு, கிழவியை ஒரு நாள் ஆட்டோவில் ஏற்றிக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகத் தோன்றவில்லையா? அதுவும் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊரில்!

1760இல் ஜெனீவாக்காரர் சார்லஸ் போனே தன் தாத்தாவைப் பற்றி எழுதினார். இரண்டு கண்ணிலும் புரை, புத்தி தெளிவு. ஆனால் இல்லாத மனிதர்களும் பறவைகளும் தெரிந்தார்கள். வீட்டுச் சுவரில் தொங்கிய சித்திரச் சீலைகள் திடீரென்று இன்னும் ஆடம்பரமான சீலைகளாக மாறினவாம். கண்ணிலிருந்து வரும் தகவல் குறைந்தால் மூளை தானே படம் போட்டுக்கொள்ளும். வலை, கட்டம், விசித்திர உடை போட்ட ஆட்கள் எல்லாம் இதில் சகஜம். போனேயின் பெயரிலேயே இது அறியப்படுகிறது, பைத்தியம் இல்லை. அப்பத்தாவுக்கும் இதுதானா, மருந்தாலோ வேறு நோயாலோ வருவதா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

குசாமா பெயரை இழுத்தாய். அவர் வரைந்தது அவரே கண்டு பயந்ததை. மேஜை விரிப்பின் பூக்கள் கூரையெல்லாம் பரவித் தன்னையும் மூடியதாகச் சிறு வயதில் கண்டவர். 1977இல் தானாகவே மனநல மருத்துவமனையில் சேர்ந்து, அங்கே தங்கியபடியே பக்கத்து ஸ்டுடியோவில் வேலை செய்தார். சிகிச்சையை விட்டுவிட்டுக் கலையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. நீயோ அடுத்தவர் கண்ணிலிருந்து எடுக்கிறாய். (புள்ளி வைக்க மதுரைப் பெண்ணுக்குக் குசாமா எதற்கு? சுங்குடி இருக்கிறதே.)

பெற்றவளின் கண் மங்குவதை மூன்று வருஷம் பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பாவுக்கு மேடையைப் பற்றிப் பேச வாயில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு போ. பைத்தியமா இல்லையா என்பதை டாக்டர் வாயாலேயே கேட்கட்டும்.

அப்புறம் அப்பத்தாவிடம் கேள்: "இதை ஊர் பார்க்கலாமா?" வேண்டாம் என்றால் நோட்டை மூடிவிடு. சரி என்றால், சுவர் வலையைப் பிரிண்ட் போட்டுக் கெடுக்காதே. மெல்லிய வலைத்துணியை இரண்டு அடுக்காகத் தை, நடக்கும்போது கோடுகள் தானே அலையும். தலைப்பாகை ஜரிகையை மேடாக எழுப்பித் தை, அவர் விரலால் தடவிச் சரிபார்க்கட்டும்.

அப்பத்தாவுக்கும் புரையாக இருந்து, அதை எடுத்ததும் உருவங்கள் மறைந்து கலெக்‌ஷன் பாதியில் நின்றால் என்ன செய்வது என்று கேட்பாய். நிற்கட்டும்.