டுரான் டுரான்: உடைந்து உடைந்து ஒட்டிய குழு

கேள்வி: "ஒரு ராக் இசைக்குழு 40 வருடத்துக்கு மேல் உடையாமல் நிற்பது எப்படி? டுரான் டுரான் மாதிரி எண்பதுகளின் நியூ வேவ் குழுக்கள் இன்னும் கச்சேரி செய்துகொண்டிருக்கிறார்களே?"

முதலில் கேள்வியிலேயே ஒரு திருத்தம். டுரான் டுரான் உடையாமல் நிற்கவில்லை. நன்றாகவே உடைந்தது, அதுவும் பல தடவை. மேடையில் இன்று நிற்கும் நால்வரில் இருவர் நடுவில் பல வருடம் குழுவிலேயே இல்லை.

நான் திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பன்னிரண்டு வருடம் கீபோர்ட் வாசித்தவன். ஒரு கோயில் திருவிழாக் கச்சேரிக்கு வந்த பணத்தைப் பிரிப்பதில் தகராறு வந்து எங்கள் குழு கலைந்தது. தொகையைச் சொன்னால் சிரிப்பீர்கள். அன்றிலிருந்து எந்தக் குழுவின் கதையைப் படித்தாலும், இவர்கள் காசை எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். டுரான் டுரான் விஷயத்தில் பதிலில் பாதி அங்கேயே கிடைத்துவிடுகிறது. அதற்கு முன் கொஞ்சம் முன்கதை.

1978-இல் பர்மிங்காமில் நிக் ரோட்ஸ், ஜான் டெய்லர் என்ற இரண்டு நண்பர்கள் தொடங்கிய குழு இது. நிக்குக்கு அப்போது 16 வயது. 'பார்பரெல்லா' என்ற 1968-ஆம் வருடத்துப் படத்தில் வரும் டாக்டர் டுராண்ட் டுராண்ட் என்ற பாத்திரத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். முதல் பாடகர் ஸ்டீபன் டஃபி அடுத்த வருடமே விலகிவிட்டார், அப்புறமும் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கடைசியில் ட்ரம்ஸுக்கு ரோஜர் டெய்லர், பத்திரிகை விளம்பரம் பார்த்து வந்த கிட்டார்காரர் ஆண்டி டெய்லர் என்று ஆள் சேர்ந்தது. குழுவில் மூன்று டெய்லர்கள், ஒருவருக்கொருவர் சொந்தமில்லை! 1980 மே மாதம் சைமன் லெ பான் வந்தார். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துக்கொண்டிருந்தவர். சிறுத்தைப் புள்ளி போட்ட இளஞ்சிவப்புக் கால்சட்டையும், கையில் கவிதை நோட்டுமாக அவர் வந்து நின்றதை மற்றவர்கள் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த நோட்டிலிருந்துதான் பல பாட்டுகள் பிறந்தன.

பிராட் தெருவில் இருந்த ரம் ரன்னர் என்ற இரவு விடுதிதான் அவர்களுக்கு ஒத்திகைக் கூடம், வேலை பார்க்கும் இடம், எல்லாமே. நிக் அங்கே இசைத்தட்டு போடுவார், ஜான் வாசலில் நிற்பார், ரோஜர் காலிக் கண்ணாடிக் கோப்பைகளைப் பொறுக்குவார், ஆண்டி சமையல் செய்வார். விடுதி உரிமையாளர்களான பெரோ சகோதரர்களே மேலாளர்கள் ஆனார்கள். ஹேசல் ஓ'கானர் என்ற பாடகியின் சுற்றுப்பயணத்தில் முன்கச்சேரி வாசிக்கும் இடத்தைப் பிடிக்க, அவர்களில் ஒருவர் தன் வீட்டை அடகு வைத்தார். அந்தப் பயணம் முடிந்த கையோடு இஎம்ஐ என்ற இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது.

இப்போது காசு விஷயம். பொதுவாக ஒரு பாட்டு ஓடினால், மெட்டும் வரிகளும் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் உரிமைத்தொகை வருடா வருடம் வந்துகொண்டிருக்கும். மற்றவர்களுக்கு இசைத்தட்டு விற்பனையிலும் கச்சேரியிலும் வரும் பங்கு மட்டும். ஐந்து வருடம் போனால் பாடகர் பங்களா வாங்கியிருப்பார், ட்ரம்ஸ்காரர் வாடகை வீட்டிலேயே இருப்பார். அப்புறம் சண்டைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. டுரான் டுரான்காரர்கள் ஆரம்பத்திலேயே பாட்டுகளை ஐந்து பேர் பெயரிலும் எழுதிக்கொண்டார்கள். வரிகளை சைமன் எழுதினாலும் பங்கு சமம். இருபது வயதுப் பையன்களுக்கு இந்த புத்தி எப்படி வந்தது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இசைக்கும் இதில் பங்கு உண்டு. நிக்கும் ஜானும் ஆசைப்பட்டது செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் முரட்டுத்தனமும் ஷிக் என்ற டிஸ்கோ குழுவின் நடன தாளமும் சேர்ந்த ஒன்று. ஜானின் பேஸ் கிட்டாரை மட்டும் தனியாகக் கவனித்துக் கேளுங்கள், ஷிக்கின் பேஸ் கிட்டார்காரர் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் மேல் அவருக்கு எவ்வளவு பித்து என்று தெரியும். நிக் வேகமாக விரல் ஓட்டும் வித்வான் இல்லை (கீபோர்ட்காரனாக இதை ஒரு நிம்மதியோடு சொல்கிறேன்). ரோலண்ட் ஜூபிட்டர் மாதிரி சிந்தசைசரில் நாலு கட்டையை அழுத்திப் பிடித்தால் ஸ்வரங்கள் வரிசையாகத் தானே ஓடும் ஒரு வசதி இருக்கிறது. அதை வைத்தே ஒரு பாட்டுக்கு முழு நிறத்தையும் கொடுத்துவிடுவார். யாரும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காத இசை அது. சமபங்கு நியாயமாகத் தெரிந்ததற்கு அதுவும் காரணம்.

இலங்கை வாசகர்களுக்கு அடுத்த பகுதி தெரிந்திருக்கும். 1982-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போகிற வழியில் குழு இலங்கையில் இறங்கி, ரஸ்ஸல் மல்கஹி இயக்கத்தில் வீடியோக்கள் எடுத்தது. 'ஹங்ரி லைக் த உல்ஃப்' பாட்டில் சைமன் மேசையைத் தள்ளிவிட்டு எழும் இடம் கொழும்பு கோட்டையிலிருந்த பகோடா டீ ரூம். 'சேவ் எ ப்ரேயர்' பாட்டில் ஹெலிகாப்டரிலிருந்து காட்டும் பாறை சிகிரியா, சிலைகளும் இடிபாடுகளும் பொலன்னறுவை. கடற்கரை தெற்கே. ஆண்டி அங்கே தண்ணீரால் ஏதோ தொற்று வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி மருத்துவமனையில் படுத்தார், ஐரோப்பியக் கச்சேரிகள் தள்ளிப்போயின. நம் கண்ணுக்கு அந்த வீடியோ வேறு மாதிரியும் தெரியும். யானை, தென்னை, சிரிக்கும் பிள்ளைகள் என்று படம் பிடித்த அந்தத் தீவில் அடுத்த வருடம் ஜூலையில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியுமே. அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நினைப்பு வராமல் இருந்ததில்லை.

எம்டிவி அமெரிக்காவில் ஆரம்பித்தது 1981 ஆகஸ்டில். ஒளிபரப்ப வீடியோ போதாமல் தவித்த அந்தச் சேனலுக்கு இந்த வீடியோக்கள் அல்வா. அமெரிக்காவில் முதலில் தூங்கிய 'ரியோ' ஆல்பம், மறுகலவை (ரீமிக்ஸ்) செய்து மறுபடி விட்டதும் ஏறியது. 1983 மார்ச்சில் பிரிட்டனில் ஒரு பாட்டு நேரடியாக முதலிடத்திலேயே நுழைந்தது. 1984-இல் 'த ரிஃப்ளெக்ஸ்' இரண்டு நாட்டிலும் முதலிடம். அதை மறுகலவை செய்தவர் ஷிக்கின் நைல் ராட்ஜர்ஸ். பையன்கள் யாரைப் பார்த்து வாசிக்கக் கற்றார்களோ அவரே! 1985-இல் ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக 'எ வியூ டு எ கில்'. அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்த ஒரே பாண்ட் பாட்டு அதுதான்.

அந்தப் பாட்டு முதலிடத்தில் இருந்தபோதே குழு உடைந்தது.

1985 ஜூலை 13, பிலடெல்பியா, எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்டிய லைவ் எய்ட் கச்சேரி. உலகமே பார்த்துக்கொண்டிருக்க, சைமன் அந்தப் பாட்டின் கடைசியில் உச்சஸ்தாயிக்கு எட்டிப் பார்த்தார், குரல் கிறீச்சிட்டு உடைந்தது. தன் வாழ்க்கையிலேயே பெரிய மானக்கேடு என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஐவரும் ஒன்றாக மேடை ஏற அப்புறம் 18 வருடம் ஆனது. ஏற்கெனவே ஜானும் ஆண்டியும் 'பவர் ஸ்டேஷன்' என்று ஒரு பக்கம், மற்ற மூவரும் 'ஆர்கேடியா' என்று ஒரு பக்கம் பிரிந்திருந்தார்கள். ஆகஸ்டில் சைமனின் பந்தயப் படகு கவிழ்ந்து, அவர் தலைகீழாகக் கிடந்த படகுக்குள் மாட்டி, உயிர் பிழைத்தார். ரோஜருக்கு உடம்பும் மனதும் ஓய்ந்து, எல்லாவற்றையும் விட்டுக் கிராமத்துப் பக்கம் போய்விட்டார். ஆண்டியும் விலகினார். பெரோ சகோதரர்களின் நிர்வாகமும் முடிந்தது.

சைமன், நிக், ஜான் மூவரும் மிஞ்சினார்கள். நைல் ராட்ஜர்ஸுடன் 'நட்டோரியஸ்' செய்தார்கள். அது நல்ல ஆல்பம். ஆனால் சுவரில் இவர்கள் படத்தை ஒட்டிய பெண்பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். எண்பதுகளின் கடைசியை வேகமாகத் தாண்டிவிடலாம், குழுவும் அப்படித்தான் தாண்டியது.

நான் இவர்களைச் சந்தித்தது இதற்குப் பிறகு. 1993-இல் எங்கள் தெருவுக்கு கேபிள் வந்த புதிது. ஸ்டார் டிவியின் எம்டிவியில் 'ஆர்டினரி வேர்ல்ட்' வந்தது. பழைய கதை எதுவும் எனக்குத் தெரியாது, புதுக் குழு என்றே நினைத்தேன். சைமன் ஒரு நண்பரின் சாவை நினைத்து எழுதிய பாட்டு அது. ஆல்பத்தின் பெரும்பகுதியை லண்டனில் கிட்டார்காரர் வாரன் குக்குருல்லோவின் வீட்டிலேயே பதிவு செய்தார்கள். ஃப்ராங்க் ஜப்பாவிடம் வாசித்த அமெரிக்கர் அவர். அந்தப் பாட்டின் கிட்டார் இல்லாவிட்டால் டுரான் டுரான் அன்றே பழங்கதை ஆகியிருக்கும் என்பது என் கட்சி. அமெரிக்காவில் மூன்றாம் இடம்வரை போனது.

கிடைத்த மறுவாழ்வை அவர்களே கெடுத்துக்கொண்டார்கள். 1995-இல் மற்றவர்களின் பாட்டுகளைப் பாடி ஓர் ஆல்பம் போட்டார்கள். ராப் குழுவான பப்ளிக் எனிமியின் பாட்டையெல்லாம் இவர்கள் பாடுவதைக் கேட்க வேண்டுமே! வேண்டாம், கேட்காதீர்கள். க்யூ பத்திரிகை 2006-இல் அதை எல்லாக் காலத்துக்கும் மோசமான ஆல்பம் என்று பட்டியல் போட்டது. 1997-இல் ஜானும் போய்விட்டார். அந்த வருடத்து ஆல்பம் சொந்த நாடான பிரிட்டனில் அப்போது வெளியாகவே இல்லை.

உங்கள் கேள்விக்கு மீதிப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. விலகியவர்கள் யாரும் திரும்ப முடியாத அளவுக்குப் பேசிவிட்டுப் போகவில்லை. பழைய பாட்டுகளின் பங்கு எல்லாருக்கும் சமம் என்பதால் "என் பாட்டை வைத்துப் பிழைக்கிறாய்" என்று யாரும் யாரையும் கேட்க இடமில்லை. 2001-இல் ஐந்து பேரும் தெற்கு பிரான்ஸில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து மறுபடி பாட்டு எழுத உட்கார்ந்தார்கள். எந்த நிறுவனமும் முன்வராததால் செலவு சொந்தக் கைக்காசு. 2003-இல் ஜப்பானில் கச்சேரிகளைத் தொடங்கிய பிறகு, கூட்டத்தைப் பார்த்துத்தான் நிறுவனங்கள் கதவைத் தட்டின.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. பழைய ஐவர் சேர வேண்டும் என்றால் வாரன் வெளியே போக வேண்டும். தாழ்ந்து கிடந்த காலத்தில் தூக்கி நிறுத்தியவர், நல்ல காலம் வந்ததும் வெளியே. அவர்கள் பக்கத்துக் காரணம் புரிகிறது, ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

2006-இல் ஆண்டி இரண்டாம் முறையாகப் போனார். அதற்குப் பிறகு கிட்டார் இடத்தில் நிரந்தர உறுப்பினர் என்று யாரையும் அவர்கள் அறிவிக்கவேயில்லை. மேடையில் டாம் பிரவுன் வாசித்தார். டிம்பர்லேண்ட் என்ற ஹிப்-ஹாப் தயாரிப்பாளரை வைத்துச் செய்த 2007 ஆல்பம் விழுந்தது. பெரிய நிறுவனத்தை விட்டு வெளியே வந்து, சின்ன வயதிலிருந்தே இவர்களின் ரசிகரான மார்க் ரான்சனைத் தயாரிப்பாளராக வைத்து 2010-இல் ஓர் ஆல்பத்தைச் சொந்தமாக வெளியிட்டார்கள். புதுசாகத் தெரிய வேண்டும் என்று ஓடாதீர்கள், 'ரியோ' முடிந்த இடத்திலிருந்து ஆரம்பியுங்கள் என்பதுதான் அவர் கொடுத்த யோசனை. ரசிகன் சொன்னதைக் கேட்டதால் பிழைத்தார்கள்.

அப்புறம் 2011-இல் சைமனுக்குக் குரலே போனது. மேல் ஸ்தாயி வரவில்லை. கோடைக் கச்சேரிகளை வரிசையாக ரத்து செய்தார்கள். அந்த நேரத்தில் வேறு பாடகரை வைத்துச் சமாளித்திருக்கலாம், பல குழுக்கள் செய்ததுதான். இவர்கள் காத்திருந்தார்கள்.

காசு விஷயத்தில் ஒன்றை மறைக்கக் கூடாது. தங்களுக்குள் நியாயமாகப் பிரித்துக்கொண்டவர்கள், இளம் வயதில் வெளியே போட்ட கையெழுத்தில் கோட்டை விட்டார்கள். அமெரிக்கச் சட்டப்படி 35 வருடம் ஆனால் படைப்பாளி பதிப்புரிமையைத் திரும்பக் கேட்கலாம். அதன்படி முதல் மூன்று ஆல்பப் பாட்டுகளின் அமெரிக்க உரிமையைக் கேட்டார்கள். அன்று போட்ட ஒப்பந்தம் இங்கிலாந்துச் சட்டத்துக்கு உட்பட்டது, அப்படிக் கேட்பதே ஒப்பந்த மீறல் என்று 2016 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2022 நவம்பரில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற அமெரிக்க கௌரவப் பட்டியலில் குழுவைச் சேர்த்தார்கள். பட்டியலில் ஆறு பெயர்கள். வாரனின் பெயரும் இருந்தது பார்த்து எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆண்டி வருவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் கடிதம்தான் வந்தது, சைமன் மேடையில் வாசித்தார்: ஆண்டிக்கு நான்கு வருடத்துக்கு முன்பே நான்காம் நிலை ப்ராஸ்டேட் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டிருந்தது.

அடுத்த வருடம் அக்டோபரில் 'டான்ஸ் மகாப்ர' என்ற ஆல்பம் வந்தது. பேய்க்கதை மாதிரியான பாட்டுகள், பழசும் புதுசும் கலந்தவை. எல்லாப் பாட்டும் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் கிட்டார் வாசித்தவர்கள் பெயரைப் பாருங்கள். நைல் ராட்ஜர்ஸ் இருக்கிறார். இரண்டு முறை விட்டுப் போன ஆண்டி இருக்கிறார். 2001-இல் வெளியே அனுப்பப்பட்ட வாரனும் இருக்கிறார்.